பௌஷ மேளா: ஒரு தீட்சை நாளிற் பிறந்த சந்தை

மார்கழி பிறந்துவிட்டால் எமது கோயில்களிலே வைகறையிற் சங்கு முழங்கும், திருவெம்பாவை ஓதப்படும், பனிக்குளிரையும் பாராது சிறுவர் நீராடி வந்து பிரசாதத்துக்குக் காத்து நிற்பர். அதே மாதத்தை வங்காளத்தார் பௌஷம் என்பர். சூரியன் தனு இராசியில் நிற்குங் காலமே இரண்டும். ஆகலின் எமது மார்கழி ஏழாந் தேதியோ எட்டாந் தேதியோ அவர்களுடைய பௌஷம் ஏழாம் நாளோடு வந்து பொருந்தும். ஆங்கிலத் தேதிப்படி டிசெம்பர் 22 அல்லது 23 என்க. அந்நாளிலே, கல்கத்தாவுக்கு வடக்கே ஏறக்குறைய 160 கிலோமீற்றர் தொலைவில், பீர்பூம் மாவட்டத்துப் போல்பூருக்கு அருகேயுள்ள சாந்திநிகேதனத்திலே பௌஷ மேளா கூடுகின்றது. அதன் வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவாம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. மேளா என்பதற்கு நேரான தமிழ்ச் சொல் எமக்குக் கிடைக்கவில்லை. குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியிலே எமது கலேவெல இருப்பதால், சந்தை என்றால் என்னவென்று இங்குள்ள சிறு பிள்ளைக்குந் தெரியும்: மரக்கறியும் கருவாடும் சட்டிபானையும் விற்கப்படும், விற்று முடிந்ததும் சனங்கள் பஸ்ஸைப் பிடித்து வீடு செல்வர். திருவிழா என்றால் சுவாமி வீதிவலம் வருவார். கடைகள் இருப்பினும் அவை வாயிலுக்கு வெளியே நிற்பன. மேளா என்னும் வடசொல்லோ கூடுதல் என்னும் பொருளது. வழிபாடும் வாணிபமும் பாட்டும் கூத்தும் அதிலே ஒரே நிலத்தில் அமர்கின்றன. சாந்திநிகேதனத்து மேளாவிலே இவற்றை அவ்வாறு அமர்த்தியவர் மகரிஷி எனப் போற்றப்பட்ட தேவேந்திரநாத தாகூர். கவியரசர் இரவீந்திரநாதரின் தந்தையார்.

தேவேந்திரநாதர் 1817ஆம் ஆண்டிலே செல்வக் குடியிற் பிறந்தவர். வாலிப வயதிலே உள்ளம் அமைதியின்றித் தவித்த ஒரு நாளில், வடமொழி நூலொன்றின் கிழிந்த ஏடு காற்றிலே பறந்து வந்து அவர் கைக்கு எட்டியது என்று தமது சுயசரிதையிலே எழுதியுள்ளார். அதன் பொருளை அவரால் அறியக்கூடவில்லை. பண்டிதர் இராமசந்திர வித்தியாவாகீசரிடம் கொடுத்து விளக்கங் கேட்டபோது, அஃது ஈசாவாசிய உபநிடதத்தின் முதல் மந்திரம் எனத் தெரிந்தது. அம்மந்திரம் அவரது வாழ்வையே மாற்றிவிட்டது. வங்க ஆண்டு 1250, பௌஷம் 7, அதாவது 1843 டிசெம்பர் 21ஆம் நாள், தம் நண்பர் இருபதின்மரோடு அதே வித்தியாவாகீசரிடம் பிரம சமாச தீட்சை பெற்றார். அச்சமாசம் இராசாராம் மோகன்ராயரால் 1828இல் நிறுவப்பட்டது என்பதைப் பலரும் அறிவர்.

ஒருவர் தீட்சை பெற்ற நாள் ஓர் ஊரின் சந்தை நாளாக மாறியது எவ்வாறு? அதற்கு ஐம்பது ஆண்டுகள் சென்றன. 1863இலே தேவேந்திரநாதர் போல்பூருக்கு அப்பாலுள்ள செம்மண் வெளியிலே இருபது பீகா நிலத்தை இராய்ப்பூர்ச் சிங்கர் குடும்பத்தாரிடமிருந்து ஆண்டுக்கு ஐந்து ரூபா இறையாகத் தரும் நிலையான குத்தகைக்குப் பெற்றார். அவ்வெளியிலே அவர் அமர்ந்து தியானித்தது ஏழிலைம்பாலை மரநிழலில். வங்காளத்தார் சாதிம் என்றும், எமது சிங்கள அயலவர் ருக்கத்தன என்றும் அழைப்பது இம்மரத்தையே. இலைகள் ஒரு கணுவிலே ஏழேழாகச் சூழ்ந்திருப்பதாற் போந்த பெயர். விசுவபாரதிப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பிலே மாணவர்க்கு இவ்வேழிலைக் கொத்து வழங்குவது மரபாயிருந்தது.

1888ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே அவர் இந்நிலத்தைப் பொதுவுடைமையாக்கி ஒரு நம்பிக்கைப் பொறுப்புறுதி எழுதி வைத்தார். எமது ஆராய்ச்சிக்கு உயிர்நாடியான பத்திரம் இதுவே. அங்கே உருவமற்ற பரம்பொருளையே வழிபடல் வேண்டும். எந்தச் சமயத்தாரது வழிபடு பொருளையும் எவரும் இழித்துரைத்தல் ஆகாது. புலாலும் மதுவும் உட்புகல் ஆகாது. இவற்றோடு, சமய உணர்வைத் தூண்டும் பொருட்டு ஆண்டுதோறும் ஒரு மேளா நடத்தப் பொறுப்பாளர் முயலுதல் வேண்டும். எல்லாச் சமயத்துச் சாதுக்களும் அங்கே வந்து அளவளாவலாம். இழிவான களியாட்டுக்கு இடமில்லை. மதுவும் மாமிசமும் தவிர்ந்த ஏனைய பொருள் யாவும் விற்கலாம், வாங்கலாம் என்பது ஏற்பாடு. 1891இலே, அதே பௌஷம் ஏழில், வண்ணக் கண்ணாடிகளால் அமைந்த வழிபாட்டு மண்டபம் திறக்கப்பட்டது. 1894இலே அதன் எதிரிலுள்ள வெளியிற் சிறியதொரு மேளா முதன்முறையாகக் கூடிற்று.

இவ்விடத்திலே எமது சங்கத்துப் பெரியோர் சிலர் புருவத்தை நெரிப்பர் என்பதை நாம் அறிவோம். விக்கிரகமில்லாத விழா எமக்கு எதற்கு என்று கேட்கலாம். தேரும் திருவிழாவுமாக வளர்ந்த எமக்கும் உறுதியின் அப்பகுதி ஒட்டாததே. ஆயினும் சந்தையைப் பற்றி அவர் கொண்ட கருத்து வியக்கத்தக்கது. துறவு மனப்பான்மை மிகுந்த ஒருவர், தாம் தியானஞ் செய்யத் தேர்ந்த தனியிடத்திலே குயவனும் கருமானும் கடை விரிக்க வேண்டும் என்று சட்டப் பத்திரத்திலே எழுதி வைத்தார். வாணிபத்தை அவர் வழிபாட்டுக்கு மாசாகக் கருதினாரல்லர்.

இவ்வெண்ணம் திடீரெனத் தோன்றியதன்று. 1867இலே கல்கத்தாவில் நவகோபால மித்திரர் தாகூர் குடும்பத்தாரின் ஆதரவோடு இந்து மேளா என்றொரு விழாவைத் தொடங்கினார். சுதேசக் கைப்பணிகள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. மல்யுத்தமும் தேசியப் பாடலும் இடம்பெற்றன. இளைஞர் இரவீந்திரர் தமது கவிதையொன்றை 1875இலே அங்குதான் படித்தார். பின்னர் 1904இல், சுதேசி சமாசம் என்னும் சொற்பொழிவிலே, மேளாவைப் பற்றியே அவர் விரிவாகப் பேசினார். கிராமத்தவரைப் பொதுக்கூட்டத்துக்கு அழைத்தால் ஐயத்தோடு வருவர். மேளாவுக்கு அழைத்தாலோ மனத்தைத் திறந்துகொண்டு வருவர். நாட்டுக்குத் தொண்டு செய்ய விரும்புவோர் மேளாக்களிலே கலந்து அவற்றைப் புதுப்பித்தல் வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். தீர்மானங்கள் நிறைவேற்றுவதே தேசத் தொண்டு என நம்பியிருந்தோர் பலர் வாழ்ந்த காலம் அது. (இக்காலத்தும் அன்னோர் இல்லாமலில்லை.)

கவியரசர் தம் பள்ளியை 1901இலே ஐந்து மாணவரோடு தொடங்கியதும் பௌஷம் ஏழிலேதான். விசுவபாரதி 1921 டிசெம்பர் 23இல், பௌஷம் எட்டில் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் ஆங்கிலேயர் இலியனாட் எல்மேர்ஸ்ட் என்பாரின் தலைமையிலே கிராமப் புனரமைப்புக்கெனச் சிறீநிகேதனம் எழுந்தது. ஆக, தீட்சை நாள், மண்டபந் திறந்த நாள், பள்ளி தோன்றிய நாள் மூன்றும் ஒரே திதிபோல் ஆண்டுதோறும் மீள்கின்றன. மேளா அவற்றைச் சூழ்ந்து வளர்ந்தது.

நாட்களின் ஒழுங்கு இது. ஏழாம் நாள் வைகறையிலே மாணவரும் ஆசிரியரும் பாடிக்கொண்டு ஆச்சிரமத்தைச் சுற்றி வருவர், செனாய் ஒலிக்கும், ஏழிலைம்பாலை நிழலிலே வழிபாடு நிகழும். எமது மார்கழிப் பசனையை அறிந்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. எட்டாம் நாள் விசுவபாரதியின் நிறுவன நாள். ஒன்பதாம் நாள், மறைந்த ஆச்சிரமவாசிகளை நினைவுகூர்ந்து, எளிய அவிசு உணவைப் பலரும் கூடியிருந்து உண்பர். டிசெம்பர் 25ஆம் நாள் மாலையிலே அக்கண்ணாடி மண்டபத்திலே கிறிஸ்து உற்சவம் நடைபெறும். கவியரசர் அதனைத் தொடங்கியது 1910இல். மிஷன் பாடசாலையிலே பயின்று, டிசெம்பர் தோறும் கரோல் பாடிப் பழகிய எமக்கு, உபநிடதம் ஓதும் மண்டபமொன்றிலே மெழுகுதிரி ஏற்றி இயேசுநாதரை நினைவுகூருகின்றனர் என்னுஞ் செய்தி இரு வீட்டாரும் ஒரு பந்தியில் அமர்ந்ததுபோல் இனிக்கின்றது.

இனி மேளாவுக்குள் நுழைவோம். அக்கம்பக்கத்துச் சந்தாலர் குடிகள் மத்தளங் கொட்டி ஆடி வருவர். காவியுடை பூண்ட பாவுல் பாணர் ஒற்றைத் தந்தி ஏகதாரியை மீட்டி இரவெல்லாம் பாடுவர். உடம்பே கோயில், உள்ளுறையும் மனிதனே தெய்வம் என்னும் இவர்தம் கொள்கையைக் கேட்கும்போது எமது திருமூலரும் சித்தர்களும் நினைவுக்கு வருவர். சாதியும் சாத்திரமும் பாராத இப்பாணரை ஊரார் பித்தர் என்று ஒதுக்கியிருந்தனர். இவர்களது பாடல்களிலே பெருங் கவித்துவம் உண்டென்று உலகுக்கு உணர்த்தியவர் கவியரசர். பாவுல் ஞானி லாலனின் பாடல்களை 1915இலே பிரவாசி என்னும் பத்திரிகையில் வெளியிட்டார். பௌஷ மேளா மேடை அவர்களுக்கு நகரத்தாரின் செவியைத் திறந்துவிட்டது.

கைப்பணிப் பொருள்களைச் சொல்லப் புகுந்தால் ஏடு கொள்ளாது. சிலவற்றை மாத்திரம் காட்டுவோம். பாங்குரா மாவட்டத்துப் பாஞ்சமுரா ஊரிலே வனையப்படும் சுடுமண் குதிரைகள் நீண்ட கழுத்தும் நிமிர்ந்த செவியும் உடையன. கிராமத் தெய்வங்களுக்கு நேர்ந்துவைக்கும் பொருட்டு வனையப்பட்டவை. எமது ஐயனாருக்குக் குதிரை செய்து வைக்கும் வழக்கோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க. டோக்ரா என்னும் உலோக வேலையிலே முதலில் களிமண்ணால் உள்ளுருவைப் பிடித்து, மெழுகு நூலை அதன்மேற் சுற்றி, மீண்டும் மண் பூசிச் சுடுவர். மெழுகு உருகி ஓடிய வெளியிலே பித்தளைக் குழம்பு நிறையும். மண் அச்சை உடைத்தே உருவை எடுப்பதால் ஒன்றுபோல் மற்றொன்று அமைவதில்லை. காந்தா என்பது பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையலாற் பெண்கள் தைக்கும் போர்வை. கிழிந்த சேலையின் கரையிலிருந்து பிரித்தெடுத்த நூலே தையல் நூலாகும். வறுமையிற் பிறந்த இக்கலை இன்று பட்டுச் சேலையிலும் ஏறிவிட்டது. இவற்றோடு நெட்டி வேலை, பட ஓவியச் சுருள்கள், இரும்புச் சாமான், பனையோலைப் பெட்டி யாவும் உண்டு. குளிர்காலத்திலே ஈச்ச மரத்துச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் புதுவெல்லமும் அதனாற் செய்த பிட்டாப் பலகாரமும் மணக்கும். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிக்கும் எமக்கு அதன் சுவையை ஊகிப்பது கடினமன்று.

மேளாவினாற் கைவினைஞனுக்கு வந்த நன்மை யாது? தரகன் இல்லாமல் தானே நிலத்திற் பாய் விரித்து விற்கும் நாட்கள் அவை. வாங்குவோன் செய்தவனுடைய முகத்தைக் காண்கின்றான். செய்தவனும் எது விரும்பப்படுகின்றது என்று நேரே அறிகின்றான். மேலும், ஓவியர் நந்தலால் போசு முதலியோர் கலாபவனத்தின் மாணவரைக் கிராமத்துக் கைவினைகளை உற்றுநோக்கச் செய்தனர்; கிராமத்துக் கோலங்கள் ஓவியக் கூடத்துக்குச் சென்றன, ஓவியக் கூடத்துக் கோலங்கள் தோற்பையிலும் துணியிலும் ஏறிச் சந்தைக்குத் திரும்பின. 1927இலே கவியரசர் சாவகத்துக்குச் சென்று வந்தபின் பத்திக் சாயவேலையும் அங்கே வேரூன்றியது. இக்கொடுக்கல் வாங்கலை நாம் பெரிதும் மதிக்கின்றோம். ஆனால் சாந்திநிகேதனப் பாணி என்பது பெயர் பெற்றவுடன், அப்பெயரைத் தாங்கிய போலிகள் இயந்திரத்திலே அச்சாகி அதே வெளியிற் குறைந்த விலைக்கு விற்கப்படுவதும் வந்தது. காந்தாப் போர்வை ஒன்றைத் தைக்கப் பல மாதங்கள் செல்லும். அச்சடித்த துணிக்கு ஒரு நிமிடம். பக்கத்துக் கடையிலே அத்துணி தொங்கும்போது தைத்தவள் என்ன விலை கேட்பாள்?

மேளா இடையறாது நடந்ததென்றும் கருதற்க. 1943இல், வங்கப் பெரும் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைக் கொன்ற ஆண்டில், அது கூடவில்லை. மகரிஷி தீட்சை பெற்று நூறாண்டு நிறைந்த ஆண்டும் அதுவே. 1946இல், மதக் கலவரத்தின் காரணமாக மீண்டும் நின்றது. அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மேளா பெருகிக்கொண்டே வந்தது, வெளியூர் வாணிபர் புகுந்தனர், மோட்டார் வண்டிகளும் ஒலிபெருக்கிகளும் நிறைந்தன, குப்பை மலையாயிற்று. வழக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று, நாட்களையும் ஒழுங்குகளையும் குறித்துக் கட்டுப்பாடுகள் பிறந்தன. 2020இலே பல்கலைக்கழகம் இனி மேளாவைத் தான் நடத்துவதில்லை என்று தீர்மானித்தது. மேளா வெளியைச் சுற்றி மதில் எழுப்பத் தொடங்கியபோது, ஆகஸ்ட் 17ஆம் நாள் திரண்ட கூட்டம் கட்டுமானத்தை இடித்துத் தள்ளிற்று. கொள்ளைநோயும் சேர்ந்துகொள்ள, 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகள் அவ்வெளி வெறிச்சோடியது. 2023 செப்டெம்பரிலே சாந்திநிகேதனம் உலக மரபுரிமைத் தலமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் மேளாவை அரச நிர்வாகமே முன்னின்று நடத்தியது. 2024இல் பல்கலைக்கழகமும் நம்பிக்கைப் பொறுப்பாளரும் மீண்டும் அதனைத் தம் கையில் ஏற்றனர்.

மதிலை இடித்தது முறையா என்று கேட்டால், நாம் முறையென்று சொல்லமாட்டோம். எனினும் வழக்கிலே இரு பக்கமும் நியாயம் உண்டு. ஆச்சிரமத்தின் தூய்மையைக் காக்க வேண்டும் என்றவர் மகரிஷியின் உறுதியையே சுட்டினர். மேளா நடைபெற வேண்டும் என்றவரும் அதே உறுதியையே சுட்டினர். இரண்டும் அதில் எழுதப்பட்டுள்ளன. எமக்குத் தோன்றுவது ஒன்று: அம்மூன்றாண்டிலும் கூட்டத்துக்கும் குறிப்பாணைக்கும் பெரியவர்கள் இருந்தனர், பாய் விரிக்கும் குயவனை அழைத்து உனக்கு எவ்வளவு நட்டம் என்று கேட்டவர் அருகினர். சிலர் போல்பூரிலே வேறோர் இடத்தில் மாற்று மேளா நடத்தினர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

எமது நாட்டுக்கும் இவ்வரலாற்றுக்கும் உறவுண்டு. கவியரசர் 1922, 1928, 1934 ஆகிய ஆண்டுகளிலே இலங்கைக்கு வந்தார். கடைசி வருகையில் தம் குழுவினரோடு சாபமோசனம் என்னும் நாட்டிய நாடகத்தை அரங்கேற்றினார், மே 20ஆம் நாள் ஹொரணையிலே வில்மட் பெரேரா நிறுவிய சிறீபாளி கலைக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார், கண்டியிலே தங்கியிருந்து ஒரு நாவலை எழுதி முடித்தார், யாழ்ப்பாணத்துக்குஞ் சென்றார். தேசிய கீதத்தை இயற்றிய ஆனந்த சமரக்கோன் 1936இலே சாந்திநிகேதனத்துக்குச் சென்று கற்றவர். நடனக் கலைஞர் சித்திரசேனாவும் அங்கு பயின்றவரே.

தாகூர் குடும்பத்தாரோடு நட்புப் பூண்ட இன்னொருவர் எம்மவர்: கொழும்பிலே 1877இற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1908இலே மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி அவர் எழுதிய பெருநூல் கண்டிநாட்டுக் கைவினைஞர் வாழ்வைப் படம்பிடித்துக் காட்டுகின்றது. அரசன் நிலங் கொடுத்தான். கைவினைஞன் அதற்கு ஈடாக வேலை செய்தான். 1815இலே கண்டி அரசு வீழ்ந்ததும் அப்பிணைப்பு அறுந்தது. வேலைக்காரன் இருந்தான், வேண்டுவோன் இல்லை. பின்னர் கப்பலில் வந்து இறங்கிய பண்டங்கள் மிச்சத்தையும் விழுங்கின.

அம்மிச்சத்தின் ஒரு துண்டு எமது மாத்தளை மாவட்டத்திலேயே இருக்கின்றது. ஹபுவித கிராமத்து அரக்கு வேலையை நாம் குறிக்கின்றோம். பாரதத்திலே அரக்கு மாளிகை என்று படித்த அதே அரக்குத்தான். அதனைச் சூடாக்கி இளக்கி, வண்ணஞ் சேர்த்து, நூல்போல் இழுத்து, மரத்தின்மேல் வைத்துக் கட்டைவிரல் நகத்தாலேயே கிள்ளி அழுத்தி இலையும் கொடியுமாகக் கோலமிடுவர். பின் ஓலைகொண்டு தேய்த்து மெருகேற்றுவர். கைத்தடி, கொடிக்கம்பு, ஏட்டுச் சட்டம், சிமிழ் முதலியன இவ்வாறு அமைவன. தூரிகை இல்லை, நகமே கருவி. அளுவிகாரையிலே, 1960களிற் பத்திக் கலைக்குப் புத்துயிர் அளித்த ஏனா த சில்வா, பிற்காலத்தில் ஊர்ப் பெண்களைக் கூட்டித் தையலும் பத்திக்கும் செய்விக்கும் நிலையமொன்றை நடத்தினார், 2015இல் மறைந்தார். சாவகத்திலிருந்து வீரபூமிக்குச் சென்ற கலை எமது மாவட்டத்திலும் ஒரு வாசலைத் திறந்தது.

ஆயினும் இவர்களுக்கு ஒரு மேளா இல்லை. அரக்குச் சிமிழைச் சுற்றுலாப் பயணி வாங்குகின்றான், அயலூரான் கண்டதில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலிலே மாசி மகத்துக்கு ஐந்து தேர்கள் ஓடுகின்றன. 1983இலே தீக்கிரையாகிப் பின் மீண்டெழுந்த கோயில் அது. சிற்பிகள் மரத்திற் செதுக்கிய தேரை இழுக்கும் வடத்தைத் தமிழரோடு சிங்களவரும் பிடிப்பர். அவ்வீதியோரக் கடைகளிலே பிளாஸ்டிக் துவக்கும் பலூனும் தொங்குகின்றன. தேர் செய்த கைகளுக்கோ, அரக்கில் நகம் பதித்த கைகளுக்கோ கடை இல்லை. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே எமது சங்கத்து இளைஞர் ஒரு பிரேரணையைக் கொண்டுவரல் நன்று: எமது விழாவிலே, வாடகை வாங்காமல், நாலு கைவினைஞருக்கேனும் பாய் விரிக்க இடம் ஒதுக்கல் வேண்டும். ஹபுவிதவிலிருந்து ஒருவர், அளுவிகாரையிலிருந்து ஒருவர், மட்பாண்டஞ் செய்வோர் ஒருவர், பாய் பின்னும் பெண்ணொருவர். பஸ் செலவைச் சங்கம் ஏற்கலாம். பெரியோர் என்ன சொல்வார்களோ தெரியாது. வாடகை வருமானம் குறையும் என்று பொருளாளர் முணுமுணுப்பார் என்பது மாத்திரம் திண்ணம்.